இரண்டு குடம் தண்ணீர், ஒரு பூமரம்

குழந்தைகளுக்குச் சொல்ல உலகத்திலேயே நல்ல கதை எது என்று யாராவது என்னைக் கேட்டால், யோசிக்கவே மாட்டேன். மரமாகிப் பூக்கிற பெண்ணின் கதைதான். கன்னட நாட்டுப்புறக் கதை. மைசூரில் பிறந்த ஏ.கே. ராமானுஜன் சேகரித்து, ஆங்கிலத்தில் எழுதி, உலகத்துக்குக் கொடுத்தது. நான் பேச்சை எடுத்தாலே "ஆரம்பிச்சுட்டியா?" என்பார் என் வீட்டுக்காரர். அவர் கிடக்கிறார். அம்புலிமாமாவிலும் வாண்டுமாமாவிலும் வளர்ந்தவள் நான். டிராகன், மந்திரக்கோல், பறக்கும் கம்பளம் எல்லாம் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஜப்பான்காரர்களின் 'டொட்டோரோ' படத்தை அண்ணன் மகளோடு உட்கார்ந்து, ஆஸ்பத்திரியில் இருக்கும் அந்த அம்மாவுக்காக ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறேன். எல்லாமே பிடிக்கும். ஆனால் மரம், காயம், தோழமை மூன்றையும் இப்படிப் பின்னிய கதை இன்னொன்று இருந்தால் கொண்டு வந்து காட்டுங்கள், பார்க்கலாம்.

ராமானுஜன் 1929இல் இங்கே, எங்கள் மைசூரில், ஒரு தமிழ் ஐயங்கார் வீட்டில் பிறந்தார். அப்பா மைசூர் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். மாடியில் அப்பாவின் அறையில் ஆங்கிலம், கீழே அம்மாவிடமும் சமையலறையிலும் தமிழ், தெருவில் கன்னடம் என்று வளர்ந்த பையன். பிறகு சிகாகோவுக்குப் போய், குறுந்தொகையையும் கன்னட வசனப் பாடல்களையும் ஆங்கிலத்தில் தந்து, 1993இல் அங்கேயே காலமானார். அவரைச் சங்கப் பாட்டு மொழிபெயர்த்தவராகத்தான் நம்மில் பலர் அறிவோம். எனக்கு அவர் முதலில் கதைக்காரர். சமையலறையில் பாட்டிகளும் அத்தைகளும் சோறு ஊட்டும்போது சொல்கிற கதைகளை, பெரிய படிப்பு படித்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காத நாளில், உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொண்டவர். 1991இல் வந்த அவருடைய இந்திய நாட்டுப்புறக் கதைகள் தொகுப்பில் 22 மொழிகளின் கதைகள் இருக்கின்றன. அவர் போன பிறகு, 1997இல், 77 கன்னடக் கதைகள் ஒரு புத்தகமாக வந்தன. அந்தப் புத்தகத்தின் தலைப்பே இந்தப் பூமரம்தான்.

சரி, கதைக்கு வருகிறேன். ஒரு கிழவி, அவளுக்கு இரண்டு பெண்கள். வீட்டு வேலை செய்து, கூலி வேலை செய்து அம்மா அவர்களைக் காப்பாற்றுகிறாள். சின்னவளுக்கு மனசு கேட்கவில்லை. அக்காவைக் கூப்பிடுகிறாள். நான் ஒரு பூமரமாக மாறுகிறேன், நீ பூவைப் பறித்துக்கொண்டு போய் விற்று வா என்கிறாள். அதற்கு ஒரு முறை இருக்கிறது. வீட்டைப் பெருக்கி மெழுக வேண்டும். குளித்துவிட்டு, கிணற்றிலிருந்து இரண்டு குடம் தண்ணீர் கொண்டு வர வேண்டும். தண்ணீரில் விரல்நகம் படக் கூடாது. முதல் குடத்தை அவள்மேல் ஊற்றினால் மரம். பூவைப் பறிக்கும்போது தளிர் நோகக் கூடாது, இலை கிழியக் கூடாது. பறித்தபின் இரண்டாவது குடத்தை ஊற்றினால் மறுபடியும் பெண்.

எங்கள் குடியிருப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது இந்த இடத்தில் நான் கொஞ்சம் ஆட்டம் போடுவேன். சரஸ்வதிபுரத்தில் எங்கள் மொட்டைமாடியில் சாயங்காலம் கூடுகிற கூட்டம் அது. பாதிக் கன்னடம், கால் தமிழ், மிச்சம் என்ன மொழி என்று அதுகளுக்கே தெரியாது. இரண்டு செம்பில் நிஜமாகவே தண்ணீர் வைத்துக்கொள்வேன். அப்புறம் வேடிக்கையைப் பார்க்க வேண்டுமே! 'நகம் படக் கூடாது' என்றதும் ஒவ்வொன்றும் தன் நகத்தைப் பார்க்கும். ஆறு வயசுப் பொடியன் ஒருவன் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவே செம்பை இடுக்கிக்கொண்டு, விரல் பத்தையும் விசிறி மாதிரி விரித்துப் பிடித்து, நாக்கைக் கடித்தபடி மாடியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. குடிக்கிற தண்ணீரை அன்றுவரை அவன் அப்படித் தூக்கியிருக்கவே மாட்டான். எந்தப் பாடப்புத்தகம் இதைச் சொல்லிக்கொடுக்கும்?

மைசூர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் எதையும் விளக்க வேண்டியதில்லை என்பது இன்னொரு சந்தோஷம். அக்காவும் தங்கையும் பூவைத் தொடுக்க, அக்கா அதை அரண்மனைக்குக் கொண்டுபோகிறாள். அரண்மனை இதோ இருக்கிறது. பூவும் இதோ, நடக்கிற தூரத்தில், தேவராஜா மார்க்கெட்டில். நனைந்த சாக்கின்மேல் மல்லிகை குவிந்து கிடக்கும். தொடுக்கிறவர்கள் வாழைநாரைச் சுண்டி, இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று வைத்து முடிச்சுப் போடுகிற வேகத்தில் விரல் கண்ணுக்குத் தெரியாது. கேட்டால் கையை நீட்டி அளந்து, கொசுறு கொஞ்சம் விட்டுக் கிள்ளித் தருவார்கள். கே.எஸ். நரசிம்மசுவாமி 1942இல் தன் கவிதைத் தொகுதிக்கு 'மைசூர் மல்லிகை' என்றே பேர் வைத்தாரே, அந்த மல்லிகை. கதை சொன்ன மறுநாள் அண்ணன் மகளை மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன். பூக்காரம்மா முன்னால் நின்று, "அத்தே, இவங்களுக்கு ஒரு தங்கச்சி இருப்பாங்களோ?" என்று என் காதில் கேட்டது குழந்தை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

கதை அப்புறம் கனக்கிறது. ராஜகுமாரன் ஒளிந்திருந்து பார்த்துவிடுகிறான். அவளையே கல்யாணம் பண்ணிக்கொள்கிறான். தனக்காகவும் மரமாகச் சொல்கிறான். அவளுக்கு இஷ்டமில்லை, கடைசியில் இசைகிறாள். தினமும் பூ. வாடிய பூ சன்னலுக்கு வெளியே குவிகிறது. அதைப் பார்த்த நாத்தனார், அவன் தங்கை, தோழிகளோடு அண்ணியைத் தோப்புக்கு அழைத்துப்போகிறாள். ஊஞ்சலாடத்தான் என்று சொல்லி. அங்கே மரமாகு, மரமாகு என்று நச்சரிப்பு. முறை தெரியாத பெண்கள் தண்ணீரை ஏனோதானோ என்று கொட்டுகிறார்கள். அரைகுறையாக மரமானவளின் கிளையை ஒடிக்கிறார்கள், இலையைக் கிழித்துப் பூ பறிக்கிறார்கள். இடி, மழை. இரண்டாவது குடத்தையும் அள்ளித் தெளித்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். மழையில் கிடப்பது மரமும் இல்லை, பெண்ணும் இல்லை. கையும் காலும் இல்லாத, காயம்பட்ட ஓர் உடம்பு. ஊர்ந்து போய்ச் சாக்கடையில் ஒண்டுகிறது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று ஒரு அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார். சொல்லலாம், சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. மொட்டைமாடியில் அதைச் சொல்லும்போது எந்தக் குழந்தையும் அலறவில்லை. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். செம்பருத்தியைப் பிய்த்துக் கசக்கிப் போடுகிற கை எல்லாக் குழந்தைக்கும் உண்டு. தான் செய்த காரியம் இன்னொரு உடம்பில் எப்படி இறங்குகிறது என்று அதட்டாமல், உபதேசம் பண்ணாமல் காட்ட இதைவிட வழி ஏது? நாத்தனாரும் தோழிகளும் ராட்சசிகள் இல்லை பாருங்கள். விளையாட்டுக்கு வந்த பெண்கள். அவசரம், அலட்சியம், கொஞ்சம் பொறாமை. அதுவே போதுமாக இருக்கிறது ஒருத்தியைச் சிதைக்க.

இப்போது வருகிறார் பாருங்கள், என் கதாநாயகர்! ராஜகுமாரன் இல்லை. பஞ்சு மூட்டை ஏற்றிய வண்டியை ஓட்டிக்கொண்டு அந்த வழியே வருகிற ஒரு மனுஷர். முனகல் கேட்டு இறங்கிப் பார்க்கிறார். பார்த்ததும் தலைப்பாகைத் துணியை அவிழ்த்து அவள்மேல் போர்த்தக் கொடுக்கிறார். நீ யார், என்ன ஜாதி, பேயா பிசாசா என்ற பேச்சே இல்லை. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், வழியில் ஓர் ஊரருகே பாழடைந்த மண்டபத்தில் இறக்கிவிட்டு, தன் வழியே போய்விடுகிறார். கதைக்குள் அவர் திரும்ப வருவதே இல்லை. "அந்த வண்டிக்காரர் பேரு என்ன ஆன்ட்டி?" என்று பிள்ளைகள் கேட்டபோது பேர் இல்லை என்றேன். ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றுவிட்டார்கள். ராஜாவுக்குக்கூடப் பேர் கேட்காத கூட்டம், வண்டிக்காரருக்கு ஆளுக்கொரு பேர் வைத்தது. சின்னப்பா, மஞ்சண்ணா, ஒருத்தி மட்டும் ஸ்பைடர்மேன்! தோழமை என்றால் கட்டிப்பிடித்துப் பாட்டுப் பாடுவதுதான் என்று எத்தனையோ கார்ட்டூன்கள் அவர்களுக்குச் சொல்லியாயிற்று. இங்கே தோழமை ஒரு முழத் துணியாக வருகிறது.

அந்த ஊர் ராஜகுமாரனின் அக்கா ராணியாக இருக்கிற ஊர். தண்ணீருக்கு வருகிற பணிப்பெண்கள் அடையாளம் மாதிரி எதையோ கண்டு ராணியிடம் சொல்கிறார்கள். அவளை அரண்மனைக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டி, மருந்து போடுகிறார்கள். பெண்டாட்டியைக் காணாமல் சாமியார் மாதிரி சடையும் தாடியுமாக அலைந்த ராஜகுமாரனும் அங்கே வந்து சேர்கிறான். பேச்சில்லாமல் கிடக்கிறான். கடைசியில் ஓர் இரவு அவளை அவன் கண்டுகொள்கிறான். நடந்ததைக் கேட்கிறான். என்ன செய்வது என்கிறான். இரண்டு குடம் தண்ணீர் கொண்டு வா என்கிறாள்.

இங்கேதான், ஐயா, இந்தக் கதை மற்ற எல்லா மாயக் கதைகளையும் விட்டு எங்கேயோ போய்விடுகிறது. முதல் குடம் ஊற்றியதும் மரம் வருகிறது. ஒடிந்த கிளையோடு, கிழிந்த இலையோடு அப்படியேதான் வருகிறது! மாயத்தால் அவளை மரமாக்க முடியும். ஒடிந்ததை ஒட்டவைக்க முடியாது. அதை அவன்தான் செய்ய வேண்டும். கையால். ஒவ்வொரு கிளையாக நிமிர்த்தி, இலைகளைச் சீராக்கி, கட்டுப் போடுகிறான். எல்லாம் முடிந்த பிறகே இரண்டாவது குடம். அவள் முழுசாக எழுந்து நிற்கிறாள். நீங்களே சொல்லுங்கள், மந்திரக்கோலால் ஒரு தட்டுத் தட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிற கதைகள் மத்தியில், ஒரு ராஜகுமாரன் ராத்திரி முழுக்க மரத்துக்குக் கட்டுப்போட்டுக்கொண்டு நிற்கிறான் என்றால்! மந்திரத்துக்கும் மருத்துவத்துக்கும் நடுவில் கோடு கிழித்துக் காட்ட, பேரே தெரியாத எந்தப் பாட்டிக்குத் தோன்றியதோ, அவள் காலில் விழுவேன்.

ராத்திரி முழுக்க என்பது என் கைச்சரக்கு. கதையில் அது ஓரிரு வரிதான். நான் நீட்டுவேன். பெரிய கிளைக்கு மூங்கில் பத்தை வைத்துக் கட்டினான், சின்னக் காம்புக்கு நூலால் சுற்றினான், கண்ணுக்குத் தெரியாத தளிருக்கு மூச்சை அடக்கிக்கொண்டு பஞ்சு வைத்தான் என்று. அந்தப் பஞ்சு எந்த வண்டியிலிருந்து வந்தது என்று கேட்டால் பிள்ளைகள் கோரஸாகப் பதில் சொல்வார்கள். அடுத்த வாரம் கீழே வந்து பார்த்தால், பந்து பட்டு ஒடிந்து தொங்கிய செம்பருத்திக் கிளைக்கு யாரோ ஐஸ்குச்சி வைத்து, பள்ளிக்கூட டையால் கட்டுப் போட்டிருந்தார்கள். மேலே ஒரு கார்ட்டூன் பிளாஸ்டர் வேறு. டையைத் தேடி அலைந்த அம்மாவுக்கு நான் காட்டிக்கொடுக்கவில்லை. கிளையைப் பார்த்தால், பட்டை உரிந்த இடத்துக்குக் கீழே இன்னும் பச்சை இருந்தது.

தமிழில் இதற்கு ஒரு மூத்த உறவு இருக்கிறது. நற்றிணை 172ஆம் பாட்டு. சிறுமிகள் விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த புன்னை விதை முளைத்துவிடுகிறது. அதற்குப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். இவள் உன்னைவிட நல்லவள், உனக்குத் தங்கை என்று அம்மா சொல்லிவிடுகிறாள். வளர்ந்த பிறகு அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேசவே வெட்கமாக இருக்கிறதாம் பெண்ணுக்கு. தங்கை பார்க்கிறாள் அல்லவா! ராமானுஜன் இந்தப் பாட்டையும் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். கன்னடக் கதையில் அந்தக் கொடுமை நடக்கிற தோப்பு சுரஹொன்னே மரத்தோப்பு, நம் சுரபுன்னைதான். ஒரு புன்னை தங்கையானது, இன்னொரு புன்னைத் தோப்பில் ஒரு தங்கை மரமாகி ஒடிந்தாள். கிரேக்கர்களிடமும் மரமாகிற பெண் உண்டு. தாப்னே, அப்பல்லோ துரத்தும்போது தப்பிக்க மரமாகிறாள். ஆனால் போனவள் திரும்பவில்லை. நம் ஊர்ப் பெண் போய்விட்டு வருகிறாள், மறுபடி போகிறாள், மறுபடி வருகிறாள். தண்ணீர் ஊற்றுகிற ஆள் சரியாக இருந்தால் போதும்.

சினிமாவாகவும் வந்தது. கிரீஷ் கர்நாட் 1992இல் 'செலுவி' என்று எடுத்தார். சோனாலி குல்கர்னிக்கு அதுதான் முதல் படம். சுற்றுச்சூழல் பிரிவில் தேசிய விருதும் கிடைத்தது. கர்நாட்டின் 'நாகமண்டல' நாடகமும் ராமானுஜனிடம் கேட்ட கதைகளிலிருந்து முளைத்ததுதான். 'செலுவி' அழகான படம், ஆனால் அதனோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. அங்கே அவள் திரும்புவதில்லை. தேடிப் போகிறவன் முன்னால் வெட்டப்பட்ட காடுதான் கிடக்கிறது. காட்டை நாம் படுத்துகிற பாட்டுக்கு அதுவே நேர்மையான முடிவு என்று என் நண்பர்கள் வாதாடுவார்கள். இருக்கலாம். பெரியவர்களுக்கு அந்த முடிவைக் கொடுங்கள். கட்டுப் போடத் துணியோடு நிற்கிற குழந்தைக்கு வெட்டிய காட்டைக் காட்டி அனுப்ப எனக்கு மனசில்லை. 2025 ஏப்ரலில் சாலையை அகலமாக்க மைசூர் ஹைதர் அலி சாலையில் 40 மரங்களை வெட்டினார்கள். ஊர்க்காரர்கள் திரண்டு போய் மெழுகுவர்த்தி ஏற்றி அஞ்சலி செலுத்தினார்கள். வெட்டுவதைப் பார்க்கப் பிள்ளைகளுக்கு எந்தப் படமும் வேண்டாம், சன்னலைத் திறந்தால் போதும்.

இசை நாடகமும் உண்டு, நம்புவீர்களா? அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஆடம்ஸ், மோசார்ட்டின் 250ஆவது பிறந்த ஆண்டுக்கு என்று 2006 நவம்பரில் வியன்னாவில் அரங்கேற்றிய ஓபரா இந்தக் கதைதான். பீட்டர் செல்லர்ஸ் இயக்கம். அதில் பெண்ணுக்குக் குமுதா என்று பேர். வெனிசுலா இளைஞர்கள் வாசித்தார்கள், கோரஸ் ஸ்பானிஷில் பாடியது. ராமானுஜன் மொழிபெயர்த்த பழம்பாடல்களையும் நடுவே கோத்திருக்கிறார்கள். நான் ஒலிப்பதிவைத்தான் கேட்டேன், சமையல் மேடையில் கீரை ஆய்ந்துகொண்டே. அவள் முதல்முறை மரமாகிற இடத்தில் இசை அடியிலிருந்து கிளம்பி மேலே மேலே போகிறது. கீரை அப்படியே நின்றுவிட்டது. கர்நாடகத்துக் கிராமத்துத் திண்ணையில் சோம்பலாகச் சொன்ன கதை இது! கர்வம் தாங்கவில்லை எனக்கு, ஏதோ நானே பெற்று வளர்த்த மாதிரி.

குறை இல்லாமல் இல்லை. கதை முடிவில் ராஜா தன் இளைய மகளை, அதாவது நாத்தனாரை, கொதிக்கிற சுண்ணாம்புக் குழியில் தள்ளிவிடுகிறார். அதையும் நான் மறைப்பதில்லை. மாடியில் அன்று பெரிய பஞ்சாயத்தே நடந்தது. பாதிப் பேர் 'சரிதான்' என்றார்கள். ராமானுஜன் தாத்தாவிடம் பேசிச் சரிபண்ணச் சொல்லுங்கள் என்றான் ஒருவன். அண்ணன் மகள் மட்டும் வக்கீல் மாதிரி எழுந்து, "அவளுக்கும் யாராவது குடத்தை ஒழுங்கா ஊத்தச் சொல்லிக் கொடுத்திருக்கலாம் இல்ல, அத்தே?" என்றாள். தீர்ப்பு இன்னும் ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு: மானசகங்கோத்ரியில் ஜெயலட்சுமி விலாஸ் மாளிகைக்குள் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் நாட்டுப்புற அருங்காட்சியகம் இருக்கிறது. 1968இல் தொடங்கியது. திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற கிராமத்துச் சாமி முகங்கள், தோல்பாவைகள், மரப்பொம்மைகள். கதைகளின் சாமான் அறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பி.வி. காரந்த் தலைமையில் 1989இல் தொடங்கிய ரங்காயணா நாடக நிறுவனத்தில் கோடை விடுமுறையில் 'சின்னர மேளா' நடக்கும், பிள்ளைகளே நாடகம் போடுவார்கள். பக்கத்திலேயே குக்கரஹள்ளி ஏரி, கன்னடக் கவிஞர் குவெம்பு உலவிய கரை. கூழைக்கடாக்களைப் பார்த்துக்கொண்டே அந்தக் கரையில் கதை சொல்லிப் பாருங்கள், குளிரூட்டிய அறையில் வைக்கிற கதை நேரமெல்லாம் பிச்சை வாங்க வேண்டும்.

பூமரம் முடிந்ததும் ராமானுஜனின் அந்த 1991 தொகுப்பில் இன்னும் என்னவெல்லாம் இருக்கிறது என்கிறீர்கள்! காற்றில் பறந்த பஞ்சைத் துரத்திப் போகிற வங்காளத்துப் பெண், வழியில் பசுவின் தொழுவத்தைக் கூட்டி, வாழையைச் சுற்றிய கொடியை நீக்கி, குதிரைக்குப் புல் போட்டு, நிலவின் அம்மா வீட்டுக்கே போய்ச் சேர்கிறாள். அணைத்த விளக்குகளின் சுடர்களெல்லாம் ராத்திரி அனுமார் கோயிலில் கூடி ஊர்வம்பு பேசுகிற கன்னடக் கதை ஒன்று. அதைக் கேட்ட பிறகு எங்கள் வீட்டில் விளக்கை அணைக்கும்போது, "போயிட்டு வா, எங்க அப்பா குறட்டை விடுறதைச் சொல்லிடாதே" என்று ஒரு குரல் வரும்.

இந்த வாரம் தமிழ்க் கதை. பிள்ளைகளும் மருமகள்களும் படுத்துகிற பாட்டை யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளேயே வைத்து வைத்து ஊதிப்போகிற விதவைக் கிழவி. ஊர்க்கோடியில் கூரையில்லாத இடிந்த வீட்டுக்குள் போய், ஒரு சுவரிடம் பெரிய மகனைப் பற்றிக் கொட்டுகிறாள். சுவர் விழுகிறது, அவள் உடம்பில் கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவரிடம் பெரிய மருமகள். அது முடிந்து சின்ன மகன், சின்ன மருமகள். நாலு சுவரும் தரைமட்டம், கிழவி பஞ்சாக நிற்கிறாள். மனநோய் மருத்துவர்கள் இதை வெளியில் விடாமல் வைத்திருப்பது நியாயமே, தொழில் கெட்டுவிடும்.

சொல்லி முடித்ததிலிருந்து எங்கள் குடியிருப்புச் சுவர்களுக்கு ஓய்வில்லை. கணக்கு மிஸ்ஸைப் பற்றி ஒன்று, தம்பியைப் பற்றி ஒன்று, டியூஷனைப் பற்றி மூன்று என்று மாடிப்படிச் சுவரோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். நேற்று வாட்ச்மேன் தாத்தா வந்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சுவரில் காரை பெயர்ந்திருக்கிறது, யாராவது முட்டினார்களா என்று கேட்டார். யாரும் முட்டவில்லை தாத்தா, டியூஷன்தான் காரணம் என்றேன். குடியிருப்போர் சங்கத் தலைவரிடம் இதை எப்படி எழுதிக் கொடுப்பது என்று தலையைச் சொறிந்துகொண்டே போனார்.